வால்வில் சுண்ணாம்பு

அலிபிரி. திருமலைக்கு 3,550 படிகள்.

ஒரு பெண் குனிகிறாள். படியில் மஞ்சள் தடவுகிறாள், நடுவில் குங்குமம். அடுத்த படி. மறுபடி குனிகிறாள். மூச்சு வாங்குகிறது. நிற்கிறாள். கூட ஏறுகிறவர்களுக்கும் வாங்குகிறது.

ஏற்றத்தால் வரும் மூச்சிரைப்பு எது, இதய வால்வால் வரும் மூச்சிரைப்பு எது? எண்ணம் வருகிறது. போகிறது.



கீழே திருப்பதியில், சுவிம்ஸ் மருத்துவமனை. எக்கோ அறை இருட்டாக இருக்கிறது. பெரியம்மாவின் மார்பில் குளிர்ந்த ஜெல்.

திரையில் சாம்பல் நிறம். மகாதமனியின் வாசலில் மூன்று இதழ்கள். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதவை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுபவை.

ஓரத்தில் ஒரு வெள்ளை, சுண்ணாம்பு. சுற்றிலும் எல்லாம் துடிக்கிறது. வெள்ளை மட்டும் தயங்குகிறது.



திறப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 1-க்குக் கீழே இறங்கினால் கடுமையான சுருக்கம்.

பெரியம்மாவுடையது நடுவில்.



இது எதனால், போர்வெல் தண்ணியா, என்கிறாள் பெரியம்மா. கால்சியம் மாத்திரையா. வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பா.

குடத்தின் அடியில் உப்புப் படிவது போல என்றுதான் மனசும் நினைக்கிறது.

குடத்துக்கு உயிர் இல்லை. இதழுக்குள் செல்கள் இருக்கின்றன. ரத்தம் மோதி மோதி மேற்படலம் காயப்படுகிறது. கொழுப்பு நுழைகிறது. அழற்சி. இதழின் சொந்தச் செல்களே மெல்ல எலும்பு செய்யும் செல்களைப் போல மாறுகின்றன.

சில வால்வுகளில் நிஜ எலும்பே இருக்கிறது.



இதைத் தூண்டுபவை: வயது. ரத்த அழுத்தம். சர்க்கரை. புகை.

லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகள். பெற்றவர்களிடமிருந்து வருவது. பத்தியத்துக்கு அவ்வளவாக மசிவதில்லை.

சிறுநீரகம் தளர்ந்தால் பாஸ்பரஸ் தேங்குகிறது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வால்வு சீக்கிரம் இறுகுகிறது.

நூறு பேரில் ஓரிருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான். மூன்றின் பாரத்தை இரண்டு சுமக்கின்றன.

சிலருக்குப் பள்ளிக்கூட வயதில் ஒரு தொண்டை வலி. பிறகு காய்ச்சல், மூட்டு வீக்கம். இதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொள்கின்றன. பல வருஷம் கழித்து, அந்தத் தழும்பில் சுண்ணாம்பு.



கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2005, 2008, 2010-இல் ஆய்வுகளின் முடிவுகள் வருகின்றன. கொழுப்பு இறங்குகிறது. வால்வு இறுகுவது நிற்கவில்லை.

பெரியம்மா ஜெல்லைத் துடைத்துக்கொள்கிறாள். பசிக்கிறது என்கிறாள்.



சித்தூர் பஸ் ஸ்டாண்ட். வேலூர் பஸ். சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறவர்களின் மடியில் ஃபைல்கள். ஜன்னல் கம்பி சுடுகிறது.

இறுகிய வால்வை மாற்றலாம். மாற்று வால்வுகளில் இரண்டு வகை. ஒன்று இயந்திர வால்வு. உலோகமும் பிளாஸ்டிக்குமாகத் திருவனந்தபுரத்தில் செய்த சித்ரா வால்வு, முதலில் ஒரு மனித இதயத்துக்குள் போனது 1990-இல். அதில் சுண்ணாம்பு ஏறுவதில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை.

இன்னொன்று மாட்டின் இதய உறை போன்ற விலங்குத் திசு. பதப்படுத்தித் தைத்தது. அதில் உயிருள்ள செல் எதுவும் இல்லை.

அதிலும் சுண்ணாம்பு ஏறுகிறது. சின்ன வயசுக்காரர்களுக்கு இன்னும் வேகமாக.