துளைக்கருவியும் வினைப்பொறுப்பும்

ஒரு செயலால் தீங்கு விளையும்போது அதற்குச் செய்பவன் பொறுப்பா, அவன் கையிலுள்ள கருவி பொறுப்பா என்னும் வினாவை ஆராயச் சைவ சித்தாந்தம் வகுத்த மூவகைக் காரணங்கள் துணைபுரிகின்றன. குடம் உண்டாவதற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அதாவது குடமாக மாறுவது மண், அதற்கு உதவுவது சக்கரம், அறிந்து செய்பவன் குயவன். உலகுக்கு இறைவனே நிமித்தகாரணன் என நிறுவுவதற்குக் கையாளப்பட்ட இப்பாகுபாட்டைப் பட்டறை வரைக்கும் கொண்டுவருவதில் பிழையில்லை. குயவனின் களமும் ஒரு பட்டறைதானே.

கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சுண்ணாம்புக்குளம் முதலிய பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில், கரையேற்றிய படகைப் பழுதுபார்ப்பவர் மரப்பலகையையும் இரும்புத் தகட்டையும் ஒரே டிரில்லிங் மெஷினால் துளைக்க நேரும். அப்போது விரல் கிழிந்தால் ‘மெஷின் இழுத்துவிட்டது’ என்றோ ‘தலைவிதி’ என்றோ சொல்வது எளிது. முதற்கூற்று துணைக்காரணத்தின்மேல் பழியை ஏற்றுகிறது. இரண்டாவது பழியை எவர்மேலும் ஏற்றாமல் நழுவுகிறது.

எனினும் முதற்கூற்றில் ஓர் உண்மை உண்டு. வில்லும் கயிறும் கொண்டு சுழற்றிய பழைய துளைக்கருவி கை நின்றவுடன் நின்றது. மின்கருவியோ பிட் சிக்கிக்கொண்ட பின்னும், விசையை விடும் வரையில், சுழலவே முயல்கிறது. துளை மறுபுறம் திறக்கும் கணத்தில், எஞ்சிய மெல்லிய தகட்டைப் பிட்டின் வெட்டுவாய் திருகாணிபோல் கவ்விக்கொள்ள, இறுகப் பிணைக்கப்படாத தகடு பிட்டோடு சேர்ந்து சுழன்று கையை அறுக்கிறது. தகடு அசையாவிடில் மெஷினே திரும்பி மணிக்கட்டை முறுக்குகிறது. மனிதக் கை விலகிக்கொள்ள அந்தக் கணம் போதாது. ஆகவே கருவியின் வலிமை கூடியதால் செய்பவனின் பொறுப்பு குறைவதில்லை. அது சுவிட்சை அழுத்துவதற்கு முந்தைய நேரத்துக்கு நகர்கிறது.

அந்த நேரத்தில் செய்யவேண்டியவை சிலவே. தகட்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்பிலோ வைஸிலோ இறுக்குதல், பிட் வழுக்காதிருக்கச் சென்டர் பஞ்சால் சிறு குழி இடுதல், சக்கின் சாவியைக் கழற்றிவிடுதல், கண்ணாடி அணிதல் ஆகியன அவை. தோளில் கிடக்கும் துண்டையும் கைகளில் உள்ள உறைகளையும் அகற்றவேண்டும்; காப்பதற்கென்று அணிந்த கையுறையே சுழலும் பிட்டில் சிக்கி விரலை உள்ளிழுக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இரும்புக்கு வேகத்தைக் குறைத்து எண்ணெய் விட்டுத் துளைப்பதும், துளை முடியும் தறுவாயில் அழுத்தத்தைத் தளர்த்துவதும் முறை. மரத்தில் பழைய ஆணி புதைந்துள்ளதா எனப் பார்த்து, மறுபுறம் பிளவுபடாதிருக்க ஒரு வீண்பலகையை அண்டக் கொடுத்தால் போதும்.

ஏரிக்கரையில் மின்சாரமும் தனிக் கவனம் வேண்டுவது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், உறை கிழிந்த ஒயரும் ஈர மணலில் நிற்கும் வெறுங்காலும் சேர்ந்தால் 230 வோல்ட் உடலினூடே பாயும் வழி திறக்கிறது; 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இங்கு ஆடம்பரமன்று. அதைப் பொருத்தவேண்டியவர் பட்டறை உரிமையாளர். அதைப் பொருத்தாமலும், தொழில் கற்பிக்காமலும் ஒரு பையனிடம் மெஷினைக் கொடுத்தவரும் நிமித்தகாரணத்தில் பங்குடையவரே. காயம் பையனுக்கு, வினை இருவருக்கும்.

ஆயுத பூசையன்று கருவிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு ஓய்வளிப்பதைக் கருவிக்கு உயிரேற்றும் மூடவழக்கம் எனத் தள்ளுவது அவசரமான முடிவு. அறிவற்ற பொருளுக்கு முன் அறிவுடையவன் ஒருநாள் வேலையை நிறுத்தி நிற்பது, அதன் வலிமையை அவன் ஒப்புக்கொள்வதாகும். பூசைக்காகத் துடைக்கும்போதே ஒயரின் உறையையும் பிளக்கையும் சக்கின் பிடியையும் பட்டறைக்காரர்கள் சோதித்து, பழுதுள்ளதை மாற்றிய பின்னரே மறுநாள் வேலையைத் தொடங்கவேண்டும்.