பெயர் மாற்றும் முன் இன்டெக்ஸைப் பாருங்கள்

இன்றிரவு 11 மணிக்குப் பழைய டேபிளை ஒதுக்கிவிட்டு, அதன் பெயரைப் புதிய டேபிளுக்கு வைக்கப்போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வரிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறது, தொகைகளின் கூட்டலும் ஒத்துப்போகிறது என்கிறீர்கள். நல்லது. இரண்டு டேபிள்களின் இன்டெக்ஸ்களையும் அருகருகே வைத்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் உங்கள் சரிபார்ப்பு பாதியில் நிற்கிறது. அந்த நிலையில் பெயரை மாற்றாதீர்கள்.

டேபிளை நகலெடுக்க நாம் கைப்பழக்கமாகப் போடும் கட்டளைகள் தரவைத்தான் எடுத்துவரும். எஸ்க்யூஎல் சர்வரில் ‘செலக்ட் இன்ட்டு’ போட்டால் வரிகள் எல்லாம் வந்துவிடும்; ஓர் இன்டெக்ஸ்கூட வராது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் மூன்றிலும் ‘கிரியேட் டேபிள் ஆஸ் செலக்ட்’ அப்படித்தான். மைஎஸ்க்யூஎல்லில் ‘கிரியேட் டேபிள் லைக்’ என்றால் இன்டெக்ஸ்கள் வரும், ஃபாரின் கீ வராது. போஸ்ட்கிரெஸில் ‘லைக்’ என்று மட்டும் எழுதினால் இன்டெக்ஸ் வராது, ‘இன்க்ளூடிங் இன்டெக்சஸ்’ என்று சேர்த்துச் சொன்னால் வரும். எந்தக் கட்டளையும் இதை எச்சரித்துச் சொல்வதில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் சொல்லும், நாமும் நம்பிவிடுகிறோம்.

நானும் நம்பியவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் சிறு சேமிப்புக் கணக்குகளைக் கையாளும் ஓர் அமைப்பின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் கிளைகள் அவை. பதில் வராவிட்டால் கிளையிலிருந்து அதே பரிவர்த்தனை மறுபடியும் வந்து சேரும். பழைய டேபிளில் பரிவர்த்தனை எண்ணின் மீது ஒரு யூனிக் இன்டெக்ஸ் இருந்தது. இரண்டாவதாக வருவதை அது திருப்பி அனுப்பிவிடும். நான் டேபிளை நகலெடுத்து, எண்ணிக்கை பார்த்து, இரவோடு இரவாக மாற்றி வைத்தேன். அந்த யூனிக் இன்டெக்ஸ் நகலில் இல்லை. மறுநாள் எல்லாம் வழக்கம்போல ஓடியது. வரிகளைச் சேர்ப்பது முன்பைவிடச் சற்று வேகமாகக்கூட இருந்தது. தடுக்க ஆளில்லாத வாசலில் கூட்டம் வேகமாகத்தான் உள்ளே போகும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் ஒரு வயதான அம்மா பாஸ்புக்கோடு வந்து நின்றார். ஒருமுறை எடுத்த பணத்துக்கு இரண்டு பற்று விழுந்திருந்தது. அவரைப்போல இன்னும் பலர். கணக்குகளை நேர்செய்ய எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் தங்கள் பணத்துக்காகத் தாங்களே சாட்சி சொல்லிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

ஆகவே ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரைமரி கீக்கு நீங்கள் பெயர் கொடுக்காவிட்டால் எஸ்க்யூஎல் சர்வர் தானே ஏதோ எழுத்தும் எண்ணும் கோத்து ஒரு பெயர் வைக்கும். ஒரே அமைப்புள்ள இரண்டு டேபிள்களில் அது வேறுவேறாகத்தான் இருக்கும். இன்னொரு பக்கம், ஒரே பெயரில் உள்ள இரண்டு இன்டெக்ஸ்களின் உள்ளடக்கம் முற்றிலும் வேறாக இருக்கலாம். நெடுவரிசைகளைப் பாருங்கள், அவற்றின் வரிசையையும் பாருங்கள். கிளை முதலிலும் தேதி அடுத்தும் உள்ள இன்டெக்ஸும், தேதி முதலிலும் கிளை அடுத்தும் உள்ள இன்டெக்ஸும் ஒன்றல்ல. தெருவாரியாகவும் அதற்குள் வீட்டு எண் வாரியாகவும் அடுக்கிய வாக்காளர் பட்டியலில் 12ஆம் எண் வீடுகளை மட்டும் தேடச் சொன்னால் எல்லாத் தெருக்களையும் புரட்டத்தானே வேண்டும்?

பிறகு யூனிக்கா இல்லையா என்பது. இது ஒன்றைத் தவறவிட்டாலும் மன்னிப்பில்லை. இன்க்ளூட் நெடுவரிசைகள், ஏறுவரிசையா இறங்குவரிசையா, சில வரிகளுக்கு மட்டும் பொருந்தும்படி வைத்த நிபந்தனை, எல்லாமே ஒப்பீட்டில் வரவேண்டும். இன்டெக்ஸ் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் ‘கன்கரன்ட்லி’ என்று போட்டு உருவாக்கும்போது நடுவில் தோற்றுப்போனால், செல்லாத இன்டெக்ஸ் ஒன்று அங்கேயே தங்கிவிடும். பட்டியலில் அதன் பெயர் இருக்கும், குவரி அதைத் தொடாது. மைஎஸ்க்யூஎல் 8.0இல் இன்டெக்ஸை ஆப்டிமைசரின் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்க முடியும். எஸ்க்யூஎல் சர்வரில் முடக்கி வைக்க முடியும்.

இவை எல்லாம் ஒளித்து வைத்த செய்திகள் அல்ல. எஸ்க்யூஎல் சர்வரின் சிஸ் இன்டெக்சஸ், சிஸ் இன்டெக்ஸ் காலம்ஸ் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். போஸ்ட்கிரெஸில் பிஜி இன்டெக்சஸ் முழு வரையறையையும் ஒரே வரியில் தரும். அதில் டேபிள் பெயரும் இன்டெக்ஸ் பெயரும் கலந்திருப்பதால் அவற்றை நீக்கிவிட்டு ஒப்பிடவேண்டும். பழையதிலிருந்து புதியதை ‘எக்செப்ட்’ போட்டுக் கழியுங்கள். புதியதிலிருந்து பழையதையும் கழியுங்கள். ஒரு திசையில் மட்டும் கழித்துவிட்டு வெறுமையைக் கண்டு மகிழ்வது நம்மில் பலர் செய்யும் பிழை. ‘எக்செப்ட்’ இரட்டிப்பு வரிகளை ஒன்றாக்கிவிடும் என்பதால் மொத்த எண்ணிக்கையையும் தனியே பார்த்துவிடுங்கள்.

ஒரு தரவுத்தளத்திலிருந்து வேறொன்றுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, ஃபாரின் கீ வைத்தவுடன் அந்த நெடுவரிசைக்குத் தேவையான இன்டெக்ஸ் இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்யாது, நீங்களே போடவேண்டும். போடாவிட்டால் தாய் டேபிளில் ஒரு வரியை நீக்கும்போதெல்லாம் சேய் டேபிள் முழுதும் தேடப்படும். வெற்று மதிப்பு விஷயமும் உண்டு: எஸ்க்யூஎல் சர்வரின் யூனிக் இன்டெக்ஸ் ஒரே ஒரு நல்லைத்தான் ஏற்கும், போஸ்ட்கிரெஸ் இயல்பாக எத்தனை நல் வந்தாலும் ஏற்கும். வரையறை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் நடத்தை வேறாகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறினாலும் ஆபத்து வரும். 2018இல் வந்த, லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.28, எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையைப் பெரிய அளவில் மாற்றியது. பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸைப் புதிய லினக்ஸில் அப்படியே எடுத்து வைத்த போஸ்ட்கிரெஸில், இருக்கிற வரியையே இல்லை என்று சொல்லும் நிலை வந்தது. அங்கே வரையறையை ஒப்பிட்டால் மட்டும் போதாது. ரீஇன்டெக்ஸ் செய்தாக வேண்டும்.

ஒப்பிட்டபின் புதியதில் ஓர் இன்டெக்ஸ் கூடுதலாக இருந்தால் உடனே நீக்கிவிடாதீர்கள். யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். மாதக் கடைசியில் ஒரே ஒருமுறை ஓடும் அறிக்கைக்காக யாரோ வைத்ததாக இருக்கலாம். தேவையற்றது என்று உறுதியானால் நீக்குவதும் கடமைதான். ஒவ்வொரு வரி சேரும்போதும் அதன் சுமையைத் தரவுத்தளம் தூக்குகிறது.

ஒன்றை மனம் பதறிச் சொல்கிறேன். மெதுவாக ஓடுகிறது என்று புகார் வரும்போது, இன்டெக்ஸ் விட்டுப்போனதைப் பார்க்காமல், சர்வர் பழசாகிவிட்டது, பெரிதாக வாங்கவேண்டும் என்று எழுதிக்கொடுக்காதீர்கள். அப்படி எழுதிக்கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறொருவரின் பணம். தெரியாமல் எழுதினால் பிழை. பார்க்கச் சோம்பி எழுதினால் பொய். தவறு உங்களுடையது என்று கண்டால் அன்றைக்கே மேலே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு நள்ளிரவில் ஓசைப்படாமல் இன்டெக்ஸ் போட்டால், இடையில் நுழைந்த இரட்டை வரிகள் யாருக்கும் தெரியாமல் உள்ளேயே கிடக்கும். யூனிக் இன்டெக்ஸைப் போட முயன்றால் அந்த வரிகளே தடுக்கும். அப்போது யூனிக்கை எடுத்துவிட்டுச் சாதாரண இன்டெக்ஸாகப் போட்டுச் சமாளிக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு திசையிலும் கழித்துப் பாருங்கள். வந்த விடையை மாற்றத்துக்கான குறிப்பிலேயே ஒட்டுங்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவரை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். விளக்க முடியாத ஒரு வரி மிஞ்சினாலும் இன்றைய மாற்றத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள். பழைய டேபிள் நாளை காலையும் வேலை செய்யும்.