அப்புறம்?

போன ஞாயிறு நசரத்பேட்டையில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். ராத்திரி எட்டரைக்கு டல்லாஸிலிருந்து மகன் வாட்ஸப் வீடியோவில் வந்தான்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"இப்பதான் டிபன். அப்புறம்?"

"நீதான் சொல்லணும்."

அவன் கண்கள் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தன. நாலாவது நிமிஷம், "சரிம்மா, பையனுக்கு ஸ்விம்மிங் கிளாஸ்."

பெரியம்மா போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பூத்துக்குக் கூப்பிடறப்ப மூணு நிமிஷம்தான் பேசுவான். ஆனா, பேசுவான்."

1999-ல் பெங்களூர் ஹைவே ஓரத்து எஸ்.டி.டி. பூத்தில், லாரி இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தவள் அவள். இங்கிருந்து அமெரிக்காவுக்குப் பேச அப்போது நிமிஷத்துக்கு 50 ரூபாய்க்கு மேல். இன்டர்நெட் வழியே போன் பேசுவது நம் நாட்டில் சட்டவிரோதமாகக்கூட இருந்தது. 2002 ஏப்ரல் 1-ல்தான் அனுமதித்தார்கள். 2003-ல் ஸ்கைப் வந்தது. 2025-ல் மூடியும் விட்டார்கள். நடுவில், பேச்சு ஏறக்குறைய இலவசமாகிவிட்டது.

காரணம் எளிது. நம் குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். பூந்தமல்லிக்கும் டல்லாஸுக்கும் ஒரே கட்டணம்.

அதற்காக 'அந்தக் காலம் பொற்காலம்' என்று சொல்லமாட்டேன். மூணு நிமிஷத்தில் பாதி 'ஹலோ, கேக்குதா'விலேயே போகும். காசில்லாதவர்கள் பேசவே முடியாது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேர், குழந்தை பிறந்ததைக் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்! அவர்களுக்கு இந்த இலவசம் வரம்.

கேள்வி வேறு. அன்றைக்குக் கூப்பிடாதவனிடம் ஒரு நியாயம் இருந்தது: கட்டுப்படியாகவில்லை. இன்றைக்கு அந்தச் சாக்கு போய்விட்டது. கூப்பிடாமல் இருப்பதும், கூப்பிட்டுவிட்டு வேறெதையோ படிப்பதும் நாமாகச் செய்வது. காசு கொடுத்த இடத்தில் இப்போது கவனத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அதுதான் கை வருவதில்லை.

இன்டர்நெட் பேச்சில் ஒரு விதி உண்டு. ரொம்பத் தாமதமாக வந்து சேரும் குரல்துண்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். நேரம் தப்பிய வார்த்தையால் பிரயோஜனம் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியம்மா மகனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். குமணன்சாவடி தாண்டும்போதுதான் உறைத்தது. திருச்சியில் இருக்கும் என் அக்காவோடு பேசி இரண்டு மாசம் ஆகிறது. என்னுடையது அன்லிமிடெட் பிளான்.