கூர்ந்த மனமும் கனிந்த மனமும்

முதுமையில் மனம் துருப்பிடியாதிருக்கப் பயிற்சி வேண்டும் என்று இன்று பலரும் அறிவுறுத்துகின்றனர். குறுக்கெழுத்துப் புதிர், சுடோக்கு, சதுரங்கம், பின்னல் வேலை என வழிகளும் பல சொல்லப்படுகின்றன. வந்தவாசிப் பக்கம் பிறந்து, ஆசிரியப் பணியின் பொருட்டுக் களக்காட்டுக்கு வந்து, ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டவள் நான். எழுபதைக் கடந்த பின்னும் செய்தித்தாளின் குறுக்கெழுத்தை நிரப்பாமல் மடித்து வைப்பதில்லை. ஆயினும், மனத்தைக் கூர்மையாக வைத்திருப்பது எதற்காக என்னும் வினாவுக்குச் சென்ற கோடையில்தான் விடை தேடினேன்.

விடுமுறைக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகள் சூழ, எதிர்வீட்டு அக்காவும் நானும் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தோம். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டைகள். ஒரு காலத்தில் அக்காவை வென்றவர் இத்தெருவில் எவருமிலர். அன்றோ அவர் ஒரு குழியை விட்டு மறுகுழியில் இட்டார். முறை மாறி ஆடினார். “அக்கா, கணக்குத் தப்பிவிட்டது. இதோடு மூன்றாம் முறை” என்றேன். பிள்ளைகள் சிரித்தனர். அவர் கையிலிருந்த கொட்டைகளை மெல்லக் குழியில் வைத்துவிட்டு எழுந்து சென்றார். பத்து நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஏழு வியசனங்களுள் சூதை முதலில் வைத்துக் கடிந்தது நம் மரபு. எங்கள் ஆட்டத்தில் பந்தயம் இல்லை. ஆகவே குற்றமும் இல்லை என்றிருந்தேன். ஆனால் என் நினைவாற்றலின் பெருமையையே நான் பணயமாக வைத்து ஆடியிருக்கிறேன் என்பது பிறகுதான் விளங்கிற்று. எண்வகை மதங்களுள் ஞான மதமும் ஒன்றன்றோ?

அந்நாள்களில், நினைவாற்றலுக்குப் பெயர்பெற்ற இருவர் என் சிந்தையில் நின்றனர். ஒருவர், நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். ஒரே அமர்வில் நூறு வகை வினாக்களிலும் கவனம் சிதறாது நிற்கும் சதாவதானத்தை 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் நிகழ்த்தியவர். இஸ்லாமியராகிய அவர், வள்ளலாரின் அருட்பாவுக்காக வாதிட்டுத் தம் புலமையைப் பிறர் பெருமை காக்கவும் பயன்படுத்தினார்.

மற்றவர், குஜராத்தில் 1867-இல் தோன்றிய ஸ்ரீமத் ராஜ்சந்திரர். இருபது வயது நிரம்புமுன்னரே மும்பையில் சதாவதானம் செய்து வியப்பூட்டியவர். 1891-இல் அவரைச் சந்தித்த காந்தியடிகள், தாம் அறிந்த அயல்மொழிச் சொற்களையெல்லாம் அடுக்கிக் கூற, அவர் அவற்றை வரிசை பிறழாமல் திருப்பிச் சொன்னாராம். அத்தகையவர் அவதானக் காட்சிகளைத் தாமே கைவிட்டார். புகழ் ஆன்ம சாதனைக்குத் தடையாகும் என்று கண்டமையே காரணம். அவர் துறந்தது மனத்தின் கூர்மையை அன்று. அதனைக் காட்டி மகிழ்வதைத்தான்.

நம் நூல்கள் ‘பிரமாதம்’ என்றொரு சொல்லை ஆள்கின்றன. பேச்சு வழக்கில் ‘மிக நன்று’ எனப் பொருள்படும் அச்சொல், ஆகமத்தில் விழிப்பின்மையைக் குறிக்கும். பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்குத் தீங்கு நேர்வதையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என்கிறது. அன்று எழுபது கொட்டைகளும் என் கணக்கில் இருந்தன. எதிரே அமர்ந்திருந்த முகம் மட்டும் கணக்கில் இல்லை. இதைவிடப் பெரிய பிரமாதம் வேறென்ன?

மருத்துவ ஆராய்ச்சியையும் நாம் அளவறிந்து கொள்ளல் வேண்டும். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல்லாண்டு கவனித்த ஆய்வொன்று 2003-இல் வெளிவந்தது. படித்தல், பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடையே மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் விளையாட்டு நோயைத் தடுத்ததா, அன்றி நோயின் தொடக்கமே விளையாட்டில் நாட்டத்தைக் குறைத்ததா என்பதை அதனைக் கொண்டு அறுதியிட இயலாது. ஆகவே, மறதியுற்றவரை ‘முயலாதவர்’ என்று எண்ணுவது அறியாமை. ஞானம் ஆன்மாவின் இயல்பு என்பது நம் கொள்கை. மூடியிட்ட விளக்கு அணைந்த விளக்கு அன்று.

க்ஷமாவணி நாள் வரட்டும் என்று காத்திராமல் அக்காவின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு?” என்றார். உண்மையிலேயே மறந்துவிட்டாரோ, என்பொருட்டு மறந்தாரோ, அறியேன். அன்று மாலை முதல் ஆட்டத்தின் முறையை மாற்றினோம். அக்காவும் நானும் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம். கொட்டைகளை இடுவது அவர், எண்ணிக்கை என்னுடையது. விடுமுறை முடியும்வரை அவ்வாறே ஆடினோம்.

புதிர்களை விடுவிப்போம், ஆடுவோம், புதியன கற்போம். மனம் விழித்திருக்க அவை துணைசெய்யும். அவ்விழிப்பு, அருகிலிருக்கும் உயிரை நோகாமல் காக்கிறதா என்பதே நாம் நாள்தோறும் விடுவிக்க வேண்டிய புதிர்.