கடைசிப் பெயர்

மாட்டுப்பட்டியில் குளிர் முதலில் பிடிப்பது பேட்டரியைத்தான். ராத்திரி முழுக்க ஜன்னலோரம் கிடந்த எவரெடிக் கட்டைகளை விடிகாலையில் ரேடியோவில் போட்டால் முனகல்கூட வராது. பெரியம்மா அவற்றை அடுப்புத் திண்டில், காப்பித்தண்ணிச் சட்டிக்குப் பக்கத்தில், பிள்ளைகளை உட்கார்த்துவதுபோல வரிசையாக நிறுத்துவாள். சூடேறிய கட்டைக்குக் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும். ஃபேக்டரிச் சங்கு ஊதுவதற்குள் கொழும்பு வந்துவிட வேண்டும்.

1978, 79 வாக்கில் தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பத்து வீட்டுக்கும் அந்த ஒரு ரேடியோதான். தோல் உறை, முகத்தில் பொட்டுப் பொட்டாய் ஓட்டை. ஏரியலுக்காகச் செம்புக் கம்பியை வாசலில் நின்ற கிராண்டிஸ் மரத்தில் இழுத்துக் கட்டியிருந்தோம். காற்றடித்தால் மரம் ஆடும், கம்பி ஆடும், பாட்டும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு நடுவே 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தமிழ் வர்த்தக சேவை' என்று ஒரு குரல் தெளியும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். மூணாறு பஜாரையே தாண்டாதவர்களுக்கும் யாழ்ப்பாணத்து வின்சர் தியேட்டர் தெரியும், ராஜா தியேட்டர் தெரியும். எந்தப் படம் எத்தனையாவது நாள் ஓடுகிறது என்பது உள்பட.

இலங்கைக்காரர்கள் இந்தியக் காதுகளைப் பிடித்த கதை வேடிக்கையானது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காகக் கொண்டுவந்த டிரான்ஸ்மிட்டர் போர் முடிந்ததும் கொழும்பு வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் ரேடியோ சிலோன் வர்த்தக சேவையைத் தொடங்கிவிட்டது. 1952இல் டில்லியில் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கோ சினிமாப் பாட்டென்றாலே ஆகாது. ஆகாசவாணியிலிருந்து அது விரட்டப்பட்டது. கேட்கிறவர்கள் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். 1957இல் விவித பாரதி வந்தது, 1967இல் அதில் விளம்பரமும் வந்தது. அதற்குள் எங்கள் ரேடியோவின் முள் கொழும்பில் துருப்பிடித்தாயிற்று.

இதைப் பாட்டு மோகம் என்றே நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. பாட்டு ஓடும்போது லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். சண்டை நடக்கும், பிள்ளைக்கு முதுகில் விழும், யாராவது வரக்கட்டனுக்குச் சர்க்கரை கேட்பார்கள். பாட்டு முடிந்து, விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்ததும் பெரியம்மா கையைத் தூக்குவாள். "ஏலே, வாய மூடு. பேரு வருது."

பெயர்கள் வரும். ஊர் பெயரோடு வரும். அட்டன், பதுளை, பண்டாரவளை, தூத்துக்குடி, ராமநாதபுரம். பக்கத்து வீட்டுச் சிலோன்காரத் தாத்தா அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964ஆம் வருஷத்து சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். போ என்று அனுப்பிய நாட்டின் வானொலியைத்தான் அவர் தினமும் காதோடு ஒட்டி வைத்துக்கொள்வார். அட்டன் என்ற சொல் வந்தால் தரையைப் பார்ப்பார்.

எங்கள் நிலைமை மட்டும் என்ன? 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது தமிழர் பெருகியிருந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. கேரளத்துக்கு நாங்கள் பாண்டிக்காரர்கள், தமிழ்நாட்டுக்கு மலைக்காரர்கள். அதே 1956இல்தான் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அந்த அரசாங்கத்தின் வானொலியிலிருந்துதான் எங்கள் காதுக்கு அவ்வளவு அழகான தமிழ் வந்துகொண்டிருந்தது! வியாபாரத்துக்குக் குடியுரிமை வேண்டாம், காது இருந்தால் போதும். ஆனால் பாட்டுக்கு நடுவே விளம்பரத்தில் வந்த சோப்பும் பவுடரும் எங்கள் எஸ்டேட் கடைக்கு வந்ததே இல்லை. எங்களால் எந்தக் கம்பெனிக்கும் காலணா லாபமில்லை. எதுவும் வாங்க வக்கில்லாதவர்களின் பெயரையும் அந்தக் குரல் அதே மரியாதையோடு வாசித்தது. ரேஷன் கார்டிலும் எஸ்டேட்டின் செக்ரோல் பதிவேட்டிலும் எங்கள் பெயர் இருந்தது. அங்கெல்லாம் கூப்பிடுவது வேலைக்கு அல்லது கணக்குக்கு. சும்மா, சந்தோஷத்துக்காக எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வாய் இருந்தது. அதற்காகத்தான் காத்திருந்தோம், பாட்டு ஒரு சாக்கு.

1983இல் இலங்கையில் தமிழர்மீது கலவரம் மூண்டபிறகு அந்தக் குரல்களைக் கேட்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கொடைக்கானல் பண்பலை வந்தது, 100.5. பண்பலை கண்பார்வை மாதிரி நேராகப் போவது. மலை குறுக்கே நின்றால் நிழல் விழுந்துவிடும். குண்டளை ரோட்டில் எந்த வளைவில் கொடை கிடைக்கும், எந்த வளைவில் அறுந்துபோகும் என்று ஜீப் டிரைவர்களுக்கு அத்துப்படி. போன் போட்டுப் பாட்டுக் கேட்கிறவர்களிடம் அறிவிப்பாளர் முதலில் விசாரிப்பது, "எங்கேயிருந்து பேசுறீங்க?" சொல்கிறவர் தன் ஊர்ப் பெயரைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார். இப்போது என் கைப்பேசியில் எந்தப் பாட்டும் உடனே கிடைக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று அதற்கும் தெரியும், கேட்பதில்லை.

ஒருநாள் நாங்களும் கார்டு போட்டோம். ஒரே கார்டில் லயத்துப் பெயர் அத்தனையும் கொள்ளவில்லை. நுணுக்கி நுணுக்கி எழுதியும் ஆறு பெயர்தான் பிடித்தது. யார் யாரை எழுதினேன் என்று எழுதிய அண்ணன் கடைசிவரை வாய் திறக்கவில்லை. திறந்தால் மீதிப் பேர் விடமாட்டார்கள். ஒரு மழை மாதச் சாயங்காலம் அது வந்தது. "மூணாறு, மாட்டுப்பட்டியிலிருந்து..." என்று அந்தக் குரல் சொன்னதும் பெரியம்மா கையைத் தூக்கக்கூட மறந்துவிட்டாள். ஐந்து பெயர் சுத்தமாகக் கேட்டது. ஆறாவதன்போது குண்டளைப் பக்கம் மின்னல் வெட்டியது. கரகரப்பு அடங்கியபோது பாட்டு தொடங்கியிருந்தது.

அந்த ஆறாவது பெயர் தன்னுடையதுதான் என்று பெரியம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சிலோன்காரத் தாத்தாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கோடி வீட்டு அத்தை இன்றைக்கும் சொல்கிறாள்.