மன்னிக்கும் கத்தி

சிரத்தை என்பது மனிதனுடைய குணமா, அல்லது அவன் கையாளும் பொருள்கள் தண்டனையைக் காட்டி அவனிடம் வசூலிக்கிற வரியா? தத்துவம் படித்தவர்களிடம் இதைக் கேட்டால் பதில் நீண்டுவிடும். ஒரு தச்சுப் பட்டறையில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே எந்த விஷயத்துக்கும் நீளம், அகலம், கனம் மூன்றும் உண்டு.

எனக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர் தம்முடைய பழைய இழைப்பு யந்திரத்துக்குப் புதிய கத்தி உருளை போட்டார். பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு, மேல்முகத்தை இழைத்து, மறுபக்கம் தள்ளுகிற யந்திரம் அது. மேஜை, மோட்டார், பெல்ட் எல்லாம் பழையவைதாம். உள்ளே சுழலும் உருளை மட்டும் மாறியது. சில சிறிய யந்திரங்களுக்கு இந்த உருளையின் விலை யந்திரத்தின் விலையையே எட்டிப் பிடித்துவிடும். 'இத்தனை பணத்துக்கு இன்னொரு யந்திரமே வாங்கியிருக்கலாமே' என்று உறவினர்கள் சொன்னார்களாம். சொல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பழைய உருளையில் அதன் நீளம் முழுவதற்குமாக மூன்று நேர்க்கத்திகள். நிமிஷத்துக்கு 5,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், பலகையின் முழு அகலத்திலும் ஒரே சமயத்தில் விழுகிற அடி நிமிஷத்துக்கு 15,000. அதை ஓசை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். புதிய உருளையில் நீளக் கத்தியே கிடையாது. தபால்தலையை விடச் சிறிய சதுரச் சில்லுகள், அகலத்துக்குத் தக்கபடி முப்பதோ எழுபதோ, கொடி சுற்றினாற்போல உருளையைச் சுற்றிப் பதிந்திருக்கின்றன. எந்தக் கணத்திலும் இரண்டு மூன்று சில்லுகளே மரத்தைத் தொடுகின்றன. ஆகவே இரைச்சல் வெகுவாக அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சில்லுக்கும் நான்கு முனை. ஆணி பட்டு ஒன்று பழுதானால் திருகைத் தளர்த்தி, அந்த ஒன்றை மட்டும் கால்வட்டம் திருப்பி வைத்தால் போதும்.

சில்லு கார்பைடு என்ற உலோகக் கலவை. அதன் பிறப்பே வேடிக்கையானது. மின்சார விளக்குக்குள் எரியும் டங்ஸ்டன் கம்பியை மெல்லியதாக இழுக்க, துளையிட்ட வைரங்களை அச்சாக உபயோகித்து வந்தார்கள். வைரத்துக்கு மாற்றுத் தேடப் போய், 1923-இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் கண்டது இது. பிறகு கிருப் கம்பெனி 'வைரம் போல' என்று பொருள்படும் 'விடியா' என்ற பெயரில் அதை விற்றது. விளக்குக்காகத் தேடியது பலகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இனி மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்தின் நாருக்கு ஓர் ஓட்டம் உண்டு. பூனையின் முதுகை வாலை நோக்கித் தடவினால் படியும். தலையை நோக்கித் தடவினால் சிலிர்க்கும். நேர்க்கத்தி நாரின் ஓட்டத்தோடு போனால் பட்டுப்போல் இழைக்கும். எதிரே போனால் பிய்த்து எறியும். வாகையிலும் வேங்கையிலும் சங்கடம் அதிகம். ஒரு பட்டை இப்படிச் சாய்ந்தால் அடுத்த பட்டை அப்படிச் சாயும். அதனால்தான் பழைய தச்சன் பலகையைக் கொடுக்குமுன் அதைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணைச் சுருக்கி, நார் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பான். சரிகைப் புடைவையின் விளிம்பை வியாபாரி பார்ப்பது போன்ற பார்வை அது.

புதிய உருளைக்கு இந்தப் பார்வை அநேகமாகத் தேவையில்லை. ஆசாரியின் குறையும் அதுதான்.

"முன்னெல்லாம் தப்பாகக் கொடுத்தால் கத்தியே கன்னத்தில் அறைந்த மாதிரி சொல்லிவிடும், ஐயா. இப்போது அது வாயைத் திறப்பதில்லை. பையன் மரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்" என்றார்.

பையன் என்பது அவருடைய தங்கை மகன். "எப்படிக் கொடுத்தாலும் வழவழவென்று வருகிறது. பார்த்து என்ன மாமா ஆகப் போகிறது?" என்றான் அவன். அதிகப்பிரசங்கமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

கஷ்டம் மனிதனைப் பண்படுத்துகிறது, சௌகரியம் கெடுக்கிறது என்று சொல்லி இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். பலர் அப்படி முடித்திருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் ருசி கிடையாது. பெரும்பாலும் அதைப் பேசுகிறவனுடைய விரல்கள் பத்திரமாக இருக்கும். கையால் பலகையைத் தள்ளி இழைக்கும் யந்திரங்களில் ஒரு காலத்தில் உருளைக்குப் பதிலாகச் சதுரக் கட்டை சுழன்றது. அதன் மூலைகளுக்கு நடுவே உண்டாகும் பள்ளம் விரலை உள்ளே வாங்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் 1922-ஆம் வருஷத்து மரவேலை யந்திர விதிகள், வட்ட உருளை இல்லாத யந்திரத்தில் அப்படி இழைக்கக் கூடாது என்று தடுத்தன. நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தை ஒட்டி எழுதிய மாகாண விதிகளிலும் அதே நிபந்தனை வந்தது. சதுரக் கட்டையும் கவனத்தைக் கற்பித்தது உண்மைதான். குருதட்சிணையாகக் கட்டைவிரலைக் கேட்கிற ஆசிரியர்களை நாம் புராணத்தில் பார்த்திருக்கிறோம். தொழிலிலும் அவர்கள் வேண்டுமா?

காதும் அப்படித்தான். தொழிற்சாலை விதிகளின்படி ஒரு மனிதன் காப்பில்லாமல் எட்டு மணி நேரம் கேட்கக் கூடிய சத்தத்தின் எல்லை 90 டெசிபல். 100 என்றால் இரண்டே மணி நேரம். நேர்க்கத்தி யந்திரம் அந்த நூறை நெருங்கும், சில சமயம் தாண்டும். ஆசாரியிடம் நான் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷத்து இரைச்சல் அவருக்கு எந்த வித்தையையும் கற்றுக் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான்.

ஆனால் பிய்ந்த மரம் வேறு விஷயம். அது உண்மையில் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. நார் சட்டத்தின் நீளத்தோடு ஓடாமல் குறுக்கே சாய்ந்து வெளியேறினால், அந்த இடத்தில் சட்டம் பலவீனம். பத்து அங்குல நீளத்தில் ஓர் அங்குலம் சாய்ந்தால் வளைவைத் தாங்கும் வலுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஐந்து அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது. கத்தி பிய்த்த இடத்தில் தச்சன் குனிந்து பார்த்தான். பார்த்தபோது, 'இது ஏணிக்கு ஆகாது, அலமாரிக்கு முதுகுப்பலகையாகப் போகட்டும்' என்று ஒதுக்கினான். புதிய உருளை சாய்ந்த நாரையும் நேரான நாரையும் ஒரே மாதிரி வழவழப்பாக்கித் தருகிறது. இரண்டும் கைக்கு ஒன்று, கண்ணுக்கும் அநேகமாக ஒன்று. ஏணியில் ஏறுகிறவனுக்கு மட்டும் ஒன்றல்ல. அவன் யார் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது.

ஆகவே பையனுடைய கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதை ஏன் அவனிடம் யாருமே சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் பட்டது. அவன் அசிரத்தைக்காரன் அல்ல. உருளை மாற்றிய அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லு உட்காரும் குழியில் ஒரு துளி மரத்தூள் தங்கினாலும் சில்லு மேலே தூக்கிக்கொள்ளும், பலகை நெடுகக் கோடு விழும் என்று ஆசாரி சொல்லியிருந்தார். பையன் நாற்பதுக்கு மேற்பட்ட குழிகளையும் பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, விரல் நுனியால் தடவிப் பார்த்து, எல்லாத் திருகுகளையும் ஒரே இறுக்கமாக முடுக்கினான். பாதி நாள் ஆயிற்று. அவனை அங்கே யாரும் தண்டிக்கவில்லை. காரணம் தெரிந்திருந்தது.

நாரைப் பார்ப்பதற்கு மட்டும் அவனுக்குக் காரணம் தெரியாது. கத்தி பிய்க்கும், அதனால் பார் என்றுதான் வழி வழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆசாரிக்கு அவருடைய தகப்பனார் அவ்வளவுகூடச் சொல்லவில்லையாம், அடிதான். கத்தி வாத்தியாராக இருந்தவரையில் ஆசாரி வாத்தியாராக இருக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பயத்தில் தொடங்கிய பார்வை, பழக்கமாகி, பிறகு அவரிடம் ஏதோ ஒரு பிரியமாகவும் ஆகியிருக்கிறது. கடைசிப் படியில் நின்றுகொண்டு முதற்படி இல்லாமல் யாரும் வரமுடியாது என்று அவர் நினைக்கிறார். எல்லாத் தொழிலிலும் மூத்தவர்கள் இப்படித்தான் நினைக்கிறோம். தாம் பட்ட அடியையும் தாம் கற்ற வித்தையையும் பிரித்துப் பார்க்க வயதானவர்களால் முடிவதில்லை. அதற்காக இளையவன் தானாகவே கற்றுக்கொள்வான் என்றும் நான் நம்பவில்லை. கத்தி மௌனமான பிறகு யாராவது பேசித்தான் ஆக வேண்டும். பேச்சு அடியை விடச் சிரமம். தினமும் செய்ய வேண்டும், பலனும் உடனே தெரியாது.

இதையெல்லாம் ஆசாரியிடம் இவ்வளவு நீளமாக நான் சொல்லவில்லை. ஏணிக் கணக்கை மட்டும், இரண்டு தடவை சொன்னேன்.

அடுத்த வாரம் போனபோது புதிய உருளையில் இழைத்த ஒரு வாகைச் சட்டத்தின் துண்டைப் பையன் முன்னால் நிறுத்தி, உளியையும் கொட்டாப்புளியையும் கொடுத்து, நுனியில் நடுவாகப் பிளக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரித் துண்டு. பிளவு நேராக இறங்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பையன் அந்த இரண்டு பாதிகளையும் மறுபடி ஒட்டவைத்து, மேல்முகத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்திருந்த மற்றச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கவாட்டில் திருப்ப ஆரம்பித்தான்.