பூட்டிய வீட்டின் வாக்கு

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் மேலமலைப் பாறைமேல் நிற்கிற விஜயாலய சோழீச்சரத்தின் வாசலில், வாயிற்காவலர் சிற்பத்துக்குக் கீழே ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்துபோயிற்று. மல்லன் விதுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான். இவ்வளவுதான் செய்தி. கட்டியவர் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் பொறித்துக்கொள்ளப் புதுப்பித்தவருக்கு வழி இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை. எடுத்துக் கட்டியவருக்கு ஓர் உரிமை, இடிந்தபோது கைகொடுத்தவருக்கு ஓர் உரிமை என்று இரண்டும் ஒரே கல்லில் இடம்பிடித்திருக்கின்றன.

உடைமையால் வரும் உரிமையும் உடனிருந்து பாடுபடுவதால் வரும் உரிமையும் மோதினால் எது மேல்? இன்று இந்தக் கேள்வி வாக்காளர் பட்டியலில் எழுகிறது. சுற்றுலா ஊர்களில் நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளிலும் எழுகிறது. இரண்டையும் தனித்தனி விவகாரமாகவே பேசி வருகிறோம். ஊர் யாருடையது என்பதுதான் இரண்டிலும் அடிக்கேள்வி.

சட்டம் இதில் ஒரு பக்கம் நிற்கிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அத்தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவர் என்று கொள்ள முடியாது என்கிறது. அதே பிரிவு, தற்காலிகமாக வெளியூர் போனவர் அந்தத் தகுதியை இழப்பதில்லை என்றும் சொல்கிறது. இதன் அருமை தெரிய உத்திரமேரூரை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் அங்கே கல்வெட்டில் பொறித்த சபைத் தேர்தல் ஏற்பாட்டின்படி, குடவோலையில் ஒருவர் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். அது ஒரு பிரம்மதேய ஊரின் சபை. நிலத்தில் உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. மேடைதோறும் அந்தக் கல்வெட்டைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம். ஆனால் பட்டா இல்லாதவனும், வாடகைக்குக் குடியிருப்பவனும், புறம்போக்கில் குடிசை போட்டவளும் வாக்காளர் என்று ஆனது நம் காலத்தில்தான். அதைவிடப் பெரிய பெருமை வேறு இல்லை.

அந்தப் பெருமைக்கு இப்போது சோதனை வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது, 6.41 கோடியாக இருந்த எண்ணிக்கை 5.43 கோடியாக இறங்கியிருந்தது. ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் சுமார் 27 லட்சம் பேர் இறந்தவர்கள், 3.4 லட்சம் இரட்டைப் பதிவுகள். இவற்றை நீக்கியதில் யாருக்கும் மனத்தாங்கல் இருக்க நியாயமில்லை. மீதி 66 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போயின. அறக்கேள்வி முழுவதும் இந்த 66 லட்சத்தில் இருக்கிறது.

புதுக்கோட்டைச் சீமையின் எந்தக் கிராமத்திலும் இந்தக் காட்சி உண்டு. வாக்குச்சாவடி நிலை அலுவலர், பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோ, படிவக் கட்டோடு தெருவில் வருகிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து பதில் வருகிறது: "அவுக திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போயிருக்காக. பொங்கலுக்கு வருவாக." அந்தப் பதிலில் இரண்டு வாக்கியங்கள். முதலாவதைக் கேட்டால் அவர்கள் இடம்பெயர்ந்தவர்கள். இரண்டாவதைக் கேட்டால் தற்காலிகமாக வெளியே போனவர்கள். படிவத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். மூன்று முறையாவது வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர், இல்லாதவருக்காகக் கையெழுத்திடலாம் என்பதும் விதி. குடும்பமே கிளம்பிப் போன வீட்டில் கையெழுத்திட யார் இருக்கிறார்கள்?

எதிர்ப்பக்கத்தின் நியாயத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும். பதினைந்து வருடமாகத் திருப்பூரிலேயே இருந்து, பிள்ளைகளையும் அங்கே படிக்க வைத்துவிட்டு, தேர்தலுக்கு மட்டும் வண்டி ஏறி ஊருக்கு வருகிறவர், இங்கே யார் சட்டமன்ற உறுப்பினர் ஆகவேண்டும் என்று முடிவு செய்வது சரியா? கல்குவாரித் தூசியை அவர் சுவாசிப்பதில்லை. ஊரணியில் தண்ணீர் வற்றினால் அவர் குடத்தோடு அலைவதில்லை. முடிவை எடுத்துவிட்டு அதன் விளைவை மற்றவர் தலையில் போட்டுவிட்டுப் போவது அறமாகாது. இரண்டு ஊரிலும் பெயரை வைத்துக்கொள்வது குற்றமும்கூட. பயன்படாமல் கிடக்கும் பெயர்தான் கள்ள ஓட்டுக்கு முதல் வாசல் என்பதைத் தேர்தல் வேலை பார்த்த எவரும் அறிவார். ஆகவே பட்டியலைச் சுத்தம் செய்யும் கடமை அரசுக்கு உண்டு.

ஆனால் அந்த மனிதர் திருப்பூரில் பெயரைச் சேர்க்கப் போகும்போது என்ன நடக்கிறது? படிவம் 6-க்கு முகவரிச் சான்று வேண்டும். மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்டால், காம்பவுண்டு வீட்டின் ஒற்றை அறைக்கு எந்த உரிமையாளரும் பதிவு அலுவலகத்துக்கு வரமாட்டார். வாடகை ஒப்பந்தங்களைப் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்தாயிற்று. அது எட்டாத சந்துகளில்தான் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். ஆதாரில் ஊர் முகவரி. அதை மாற்றினால் ரேஷன் கார்டு என்னாகும் என்ற பயம். சான்று எதுவும் இல்லாதவரை நேரில் விசாரித்துச் சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் அதைத் தெரிந்து சொல்கிறவர் கிடைப்பது அபூர்வம். ஆக, பிறந்த ஊரில் அவர் போனவர், பிழைக்கும் ஊரில் இன்னும் வந்து சேராதவர். எங்கேயோ ஓரிடத்தில் இருந்தே தீரவேண்டிய உரிமை, இரண்டு இடத்திலும் இல்லாமல் போகிறது.

இப்படி ஒருவர் விடுபட்டுப் போவதும், போனவர் ஒருவரின் பெயர் பட்டியலில் தங்கிவிடுவதும் ஒரே எடையுள்ள தவறுகள் அல்ல. தங்கிவிட்ட பெயரை அடுத்த திருத்தத்தில் எடுக்கலாம்; வாக்குச்சாவடியில் முகவர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வாக்களிக்க வந்து பெயர் இல்லை என்று திரும்பியவருக்கு அந்தத் தேர்தல் திரும்பக் கிடைக்காது. அதனால்தான் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றமும், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் பெயருக்கு உரிய மதிப்புத் தரவேண்டும், விசாரிக்காமல் நீக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நிரூபிக்கும் சுமை, நீக்க விரும்புகிறவருடையது. பூட்டு ஒரு சாட்சியம் ஆகாது.

தொலைவிலிருந்து வாக்களிக்கும் வசதியாவது வந்திருக்கலாம். ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளும் தொலைநிலை வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. கட்சிகளின் ஐயங்களால் அது அப்படியே நின்றது. ஐயங்கள் பொய்யல்ல. இருந்தாலும், வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கு 2011 முதல் ஊர்ப் பட்டியலில் இடம் உண்டு, வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும் என்றாலும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு ஊரில் பெயர் உண்டு, திருப்பூரில் இருப்பவரின் பெயர் மட்டும் போகும் என்றால் அதை எந்தத் தராசில் நிறுப்பது?

இனி வீட்டின் பக்கம் வருவோம். சுற்றுலா நகரங்களில் ஹோம்ஸ்டே என்ற பெயரில் அறைகள் பெருகுகின்றன. தொடக்கத்தில் அது நல்ல ஏற்பாடு. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் ஓர் அறையைத் துடைத்து வைத்து, வந்தவருக்கு இட்லியும் வெந்நீரும் கொடுத்து, ஒரு விதவைத் தாய் நாலு காசு பார்க்கலாம். மத்திய சுற்றுலாத் துறையின் திட்டம் இதைத்தான் நினைத்தது: ஒன்று முதல் ஆறு அறைகள், உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். வாக்குரிமைக்குச் சட்டம் வைத்த அதே அளவுகோல் இங்கேயும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். வீடு வைத்திருப்பது போதாது, வாழ வேண்டும்.

போட்டி வந்ததும் அந்த நிபந்தனைதான் முதலில் உதிர்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் பத்து வீடுகளை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ, ஆள் வைத்து, செயலியில் விலையைக் குறைத்துப் போடுகிறார். அந்தத் தாயால் அந்த விலைக்கு இறங்க முடியாது. விலை குறையக் குறைய, யாரோ ஒருவர் செலவைச் சுமக்கிறார்: டேங்கர் தண்ணீரை, குப்பையை, நள்ளிரவுச் சத்தத்தை. சுமப்பது தெரு. பார்சிலோனா 2028-க்குள் சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்கள் பத்தாயிரத்துச் சொச்சத்தையும் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-இல் அறிவித்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், குறுகிய நாள் வாடகை என்றால் வீட்டுக்காரர் உடன் தங்கியிருக்க வேண்டும். கொடைக்கானலுக்கும் உதகைக்கும் 2024 மே முதல் சுற்றுலா வாகனங்கள் இ-பாஸ் இல்லாமல் போகமுடியாது என்ற நிலையே, அந்த மலைகள் எவ்வளவு தாங்கும் என்று முன்பே யாரும் எண்ணிப் பார்க்காததால் வந்தது.

நார்த்தாமலை கொடைக்கானல் அல்ல. முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவுக்குக் கூட்டம் கொள்ளாது, மற்ற நாட்களில் கோயில் பார்க்கவும் பாறை ஏறவும் வருகிறவர்கள் அன்றே புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பக்கத்துத் திருமயம் வட்டாரத்தில் கடியாபட்டியின் பழைய செட்டிநாட்டு மாளிகை ஒன்று விடுதியாகி வருடங்கள் ஆயின. பூட்டிய வீடுகள் இருக்கும் இடத்துக்கு முதலீடு தேடி வரும். அதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவர் யார்?

கிராம சபை. அரசியலமைப்பின் 243-ஆம் கூறு, கிராமத்துக்குரிய வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபை என்கிறது. இரண்டு இழைகளும் இங்கேதான் முடிச்சு விழுகின்றன. பட்டியலிலிருந்து விழுந்தவர், சட்டமன்ற வாக்கை மட்டும் இழப்பதில்லை. தன் வீட்டுக்கு அடுத்த வீடு விடுதியாகலாமா, அதற்கு எந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் என்று கேட்கும் இடத்தையும் இழக்கிறார். திருப்பூரில் இரவுப் பணி பார்த்து அனுப்பும் காசில் இங்கே தாய் தகப்பனைக் காப்பாற்றுகிறவருக்கு அந்தக் கேள்வியில் பங்கு உண்டு. பத்து வீடு வாங்கிவிட்டு ஒருநாளும் தங்காதவருக்குப் பங்கு இல்லை. முன்னவர் இல்லாதபோதும் இந்த ஊரின் வாழ்வுக்குள் இருக்கிறார். பின்னவருக்கு ஊர் வெறும் வரவுக் கணக்கு. இந்த வேறுபாட்டைப் பூட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தெருவில் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், நீக்கப்பட இருக்கும் பெயர்களைக் கிராம சபையில் உரக்கப் படித்தாலே போதும்.

இந்த மாவட்ட மக்களுக்குக் குரல் போவது புதிதல்ல. 2008 தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போய், மாவட்டம் நான்கு தொகுதிகளுக்குப் பங்கிடப்பட்டது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் தயாராகும். அதற்குள் பெயர் விடுபட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் யாராவது ஒருவர் போன் போட்டு, படிவம் 6-ஐ நிரப்ப வைக்க வேண்டும். இங்கேயா திருப்பூரிலா என்பதை அவர்களே சொல்லட்டும்.